மறுக்கா மேடம்

பழுதான ஒரு பொருளைச் சரிசெய்துவிட்டு, உடனே அதை மறுபடியும் பழுதாக்கிப் பார்க்கிற ஆளோடு நீங்கள் வேலை செய்திருக்க மாட்டீர்கள். நான் நான்கு வருஷம் செய்திருக்கிறேன். அதற்காக எனக்கு யாரும் மாலை போடவில்லை.

மண்டபத்துக்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டி இருந்த இறால் உலர்த்தும் கம்பெனியில் நான் ஷிப்ட் இன்சார்ஜ். அவர் கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். அக்காள்மடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். டிப்ளமோ படித்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான தேகம். கம்பெனியில் பெண்கள் அளவில் பாதுகாப்பு ஷூ கிடையாது என்பதால் ஆண்கள் ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு நடப்பார். கழுத்து அட்டையோடு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொன்னது 'மறுக்கா மேடம்' என்றுதான். மறுபடியும் என்பதை எங்கள் பக்கத்தில் மறுக்கா என்போம். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல் அவர் வாயில் வரும்.

வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இறாலை உறையவைத்து, பெரிய இரும்பு அறைக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, உள்ளே இருக்கிற காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டால், இறாலுக்குள் இருக்கிற பனிக்கட்டி தண்ணீராகாமலேயே ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது கடலைத் தோல் எடையில் ஓர் இறால். கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றினால் உப்பிக்கொண்டு வருகிறதே, அதுதான்.

அந்த அறைக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அகலம். அது அழுத்தக் காற்றில் இயங்குவது. அதன் சிலிண்டருக்குள் காற்றை அனுப்பினால் வால்வு திறக்கும். அந்தக் காற்றை வெளியே விட்டால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும். கரண்டு போனால் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும், அதுவும் கண் மூடித் திறப்பதற்குள். மூடாவிட்டால், நின்றுபோன பம்பிலிருக்கிற எண்ணெயை அந்த வெற்றிடம் உறிஞ்சிக் கொண்டுபோய் இறால் மேல் அப்பிவிடும். ஒரு தட்டில் எண்ணெய் வாடை வந்தால் போதும், அத்தனை தட்டையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

அவர் சேர்ந்த மாதமே அந்த வால்வு திறக்க மறுத்தது. வால்வை இயக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துபோய்விட்டது என்றான் எலக்ட்ரீசியன். ஸ்பிரிங் இறுகிவிட்டது என்றேன் நான், எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான் என்பதால். அவர் காற்றுக் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தார். கையெல்லாம் தண்ணீர். கடல் ஈரம் கம்ப்ரசர் வழியாகக் குழாய்க்குள் போய்த் தேங்கி, வால்வுக்குக் காற்றைத் திறந்துவிடும் சின்னக் கருவியைச் சிக்க வைத்திருந்தது. வடித்தார், துடைத்தார், மாட்டினார். வால்வு 'டப்'பென்று திறந்தது. நான் கைதட்டிவிட்டு இறால் வண்டியை உள்ளே தள்ளச் சொன்னேன்.

"இருங்க சார். மறுக்கா ஒருதடவ," என்றார்.

ஒரு ஊசிக் குழலில் தண்ணீர் எடுத்து, துடைத்து வைத்த குழாய்க்குள் அவரே பீய்ச்சினார். வால்வு மறுபடியும் நின்றது. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இங்கே உறைந்த இறால் இளகிக்கொண்டிருக்கிறது.

"என்ன மேடம், வேணும்னே கெடுக்கிறீங்க?" என்று கத்தினேன்.

"சரியாயிருச்சுன்னா போதுமா சார்? நான் கைவச்சதுனாலதான் சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. காக்காய மறுக்கா உக்காரச் சொல்லுங்க. மறுக்கா விழுந்தா நம்புறேன்."

பனைமரக் காட்டிலே பிறந்து வளர்ந்தவனுக்கே பனம்பழக் கதை சொல்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த வால்வு ஈரத்தினால் அதன்பிறகு நிற்கவே இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குழாயின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு வைத்து, தினம் காலையில் வந்ததும் அதைத் திறந்துவிட்டுத்தான் டீயே குடிப்பார்.

இந்தக் குணம் மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை கேன்டீனில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போய் இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் வந்தவர், அடுத்த வாரம் நண்டு போட்டதும் தட்டை நீட்டினார். எல்லோரும் பதறினோம். "அன்னைக்குக் கத்திரிக்காயும் தின்னேன்ல. எதுன்னு தெரிய வேணாமா?" என்றார். மறுபடியும் தடித்தது. நண்டுதான் என்று உறுதியானதில் அவருக்கு ஒரு நிம்மதி. சொறிந்துகொண்டே சிரித்தார்.

வால்வு ஆபரேட்டர் மிக்கேல் அண்ணனுக்கு மட்டும் அவரைப் பிடிக்கும். மிக்கேல் அண்ணன் பாம்பனில் இருபது வருஷம் கடலுக்குப் போனவர். வலை இழுத்து இழுத்துத் தோள் போய்விட்டதால் கரைக்கு வந்து எங்களிடம் சேர்ந்தார். இந்த வேலையை விட்டால் வேறு வேலைக்குத் தோள் ஒத்துவராது. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். "கடல்ல ஒரு தடவ மீன் பட்ட எடத்துல மறுக்கா வலை போட்டுப் பாத்தாத்தான் தம்பி அது மீன் தங்குற மடை. அந்தப் புள்ள சொல்றது சரிதான்," என்பார் என்னிடம்.

மேடத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. இதை அவர் சொல்லி எனக்குத் தெரியாது. பேக்கிங் பிரிவில் வேலை செய்த காளியம்மா சொல்லித் தெரியும். காளியம்மா சொல்லாமல் அந்தக் கம்பெனியில் யாருக்கும் எதுவும் தெரிந்ததில்லை. மாமியார் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மேடம் போய் வந்தார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் சுற்றி வந்தாயிற்று. மதுரையில் இரண்டு ஆஸ்பத்திரி ஆயிற்று. திங்கட்கிழமை லீவு போட்டால் எந்த ஊருக்கு என்று யாரும் கேட்க மாட்டோம். எதையும் சோதித்துப் பார்க்கிற இந்த அம்மாள் எப்படி இதற்கெல்லாம் தலையாட்டுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு நாள் வாய் தவறிக் கேட்டும்விட்டேன்.

"போறதுல என்ன சார் கொறஞ்சு போச்சு," என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வருஷம் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கும் முன்பு வால்வுப் பக்கத்தில் ஒரு குளவி மண் கொண்டுவரத் தொடங்கியது.

வால்வின் பக்கத்துச் சுவரில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. வால்வுக்குள் காற்றை விடுவதும், வெளியே எடுப்பதும் அதற்குள்ளிருக்கும் கருவிதான். பெட்டியின் அடியில் சுண்டுவிரல் நுழையாத ஒரு ஓட்டையும், அதற்கு ஒரு பித்தளைச் சல்லடை மூடியும் உண்டு. வால்வு மூடும்போது காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். குளவி கூடு கட்டியது அந்த ஓட்டையில் இல்லை, பெட்டிக் கதவின் கீழ்மூலையில். கட்டைவிரல் அளவு மண், கதவையும் பெட்டியையும் சேர்த்து ஒட்டியிருந்தது.

கூட்டுகிற பையன் விளக்குமாற்றுக் கட்டையால் தட்டப் போனதைக் காளியம்மா பார்த்துவிட்டார். "ஏலே, கைய ஒடிச்சுப்புடுவேன். குளவி மண்ணு வச்சா அங்கன புழங்குற பொம்பளைக்குப் புள்ள தங்கும். இந்தப் பெட்டியத் தெறக்குறது யாரு? ஒங்க ஆத்தாளா?" என்று அதட்டினார். பேக்கிங் பெண்கள் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். குளவி தன் கையெழுத்திலேயே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டதைப் போல எல்லோர் முகத்திலும் சந்தோஷம். மேடம் வந்தார். குனிந்து பார்த்தார். ஓட்டை திறந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். திறந்துதான் இருந்தது.

"கெடக்கட்டும்," என்றார்.

"என்ன மேடம், குளவியவும் மறுக்கா கட்டச் சொல்லிப் பாக்கலாமா?" என்று நான் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் முகம் காது வரை சிவந்துவிட்டது. அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அந்தப் பெட்டிக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தி, வால்வு எத்தனை எண்ணுவதற்குள் மூடுகிறது என்று பார்க்க வேண்டும். செக் ஷீட்டில் அவர் டிக் அடித்துக் கையெழுத்திடுவார். கீழே 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்திட வேண்டும். கூடு கட்டிய வாரத்துச் சனிக்கிழமையும் டிக் இருந்தது. அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் இருந்தது. கதவைத் திறந்தால் கூடு உடையும் என்பது எனக்குத் தெரியும். கூடு முழுசாகத்தான் இருக்கிறது என்பதும் போகிற வருகிற வழியில் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு நேரமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கச்சான் பலமாக அடித்த ஒரு பகல், பதினோரு மணிக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அறையைத் திறந்தபோதே எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. அறை நிறைய இறால். தட்டுகளின் ஓரத்தில் பழுப்பாக ஒரு பூச்சு.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். கத்த மாட்டார். கத்தாதவர்களிடம்தான் எனக்குப் பயம். பேனல் முன்னால் நின்றிருந்தது மிக்கேல் அண்ணன். வால்வைத் தானாக மூடவிடாமல் கையால் திறந்து வைக்க ஒரு சாவி பேனலில் உண்டு, கழுவும்போது மட்டும் திருப்புவது. அதைத் திருப்பி வைத்துவிட்டு மறந்திருப்பார் என்பது மேனேஜரின் முடிவு. "நான் தொடவே இல்ல சார், மாதா சத்தியமா தொடல," என்று மிக்கேல் அண்ணன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். தோள் வலிக்கிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குள்ள ரிப்போர்ட் எழுதிக் குடுத்துருங்க. ஆளை மாத்திரலாம்," என்றார் மேனேஜர் என்னிடம். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினேன். அதைவிட வசதியான காரணம் எதுவும் அப்போது என் கைவசம் இல்லை.

மேடம் அன்று சாயங்காலமே வால்வுப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். குனிந்து டார்ச் அடித்தார். கூடு வளர்ந்திருந்தது. மூலையிலிருந்து அடிப்பக்கமாக மண்ணை இழுத்து, இன்னும் இரண்டு அறைகள் கட்டி, அந்தப் பித்தளை மூடியை முக்கால்வாசி மூடியிருந்தது. காற்று சட்டென்று வெளியேற வழி இல்லை. காற்று வெளியேறாவிட்டால் வால்வு எப்படி நேரத்துக்கு மூடும்? அவர் டார்ச்சை அணைக்காமல் அப்படியே குந்தியிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மேடம்," என்றேன். "இப்பவே தட்டிவிட்ருங்க. மூடியில உப்பு அடைச்சிருந்துச்சுன்னு நான் எழுதிடுறேன். கடக்கரை, யாரும் கேக்க மாட்டாங்க. மிக்கேல் அண்ணனும் பொழச்சுக்குவாரு, நீங்களும் பொழச்சுக்குவீங்க."

இதை மிக்கேல் அண்ணனுக்காகவும் அவருக்காகவும் சொன்னதாகத்தான் அந்த நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

"உப்பு அடைக்கலையே சார்," என்றார். "நாளைக்குக் காலைல மேனேஜர வரச் சொல்லுங்க. அண்ணனையும்."

மறுநாள் காலை நால்வரும் வால்வு முன்னால் நின்றோம். பேக்கிங் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். மேடம் முதலில் பேனல் சாவி சரியான பக்கம் இருப்பதை மேனேஜருக்குக் காட்டினார். பம்பை ஓட்டாமல் வால்வை மட்டும் திறந்துவைத்தார். "அண்ணே, மெயின அமத்துங்க," என்றார். மிக்கேல் அண்ணன் அணைத்தார். மேடம் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. வால்வு மூச்சுத் திணறுகிறவர் போல நகர்ந்தது. முப்பத்தெட்டில் மூடியது.

பிறகு கழுத்திலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கூட்டைப் பெயர்த்தார். மண்ணோடு வெள்ளையாக இரண்டு புழுக்கள் அவர் உள்ளங்கையில் விழுந்தன. காளியம்மா வாசலில் "அய்யோ" என்றார். மேடம் மண்ணை ஒரு காகிதத்தில் போட்டு வைத்துவிட்டு, வால்வை மறுபடியும் திறந்து, மெயினை அணைக்கச் சொன்னார். 'டப்'. ஒன்று என்று சொல்லி முடிக்கவில்லை.

"ஓகே. புரிஞ்சுது," என்று மேனேஜர் திரும்பினார்.

"மறுக்கா ஒருதடவ சார்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பாட்டிலிலிருந்து தண்ணீரைத் தெளித்து, அந்த மண்ணைப் பிசைந்து, குளவி அப்பியிருந்த அதே இடத்தில் தன் விரலால் அப்பினார். மெதுவாக, இடுக்கு விடாமல், ஓரத்தை வழித்துவிட்டுச் செய்தார். பெண்களில் ஒருத்தி அங்கிருந்து போய்விட்டாள். மேடம் வால்வைத் திறந்துவைத்தார். மிக்கேல் அண்ணன் மெயினை அணைத்தார். இந்தத் தடவை நாற்பத்தொன்று வரை எண்ண வேண்டியிருந்தது.

"அண்ணன் மேல தப்பு இல்ல சார்," என்றார் மேடம், கையைத் துடைத்துக்கொண்டே.

மேனேஜருக்கும் மூளை இருந்தது. "இந்தப் பெட்டிய வாராவாரம் செக் பண்ணணுமே?" என்றார். மேடம் அந்த ஃபைலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பிரித்து நீட்டினார். "நாந்தான் சார். மூணு வாரமாத் தெறக்காமலே டிக் போட்டேன்."

"ஏன்?"

மேடம், கம்ப்ரசரில் தண்ணீர் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "எனக்குப் புள்ள இல்ல சார். கூடு கெடந்தாத் தங்கும்னாங்க. தெறந்தா ஒடஞ்சிரும். அதான் தெறக்கல."

மேனேஜர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஃபைலைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். மூன்று தாளிலும் அவருடைய கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து, பச்சை மையில். மேனேஜரின் கண் அந்தக் கட்டம் வரை வரவில்லை. மேல் வரியிலேயே நின்றுவிட்டு ஃபைலை மூடினார். மேடம் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சட்டென்று திரும்பவில்லை, ஒரு ஐந்து எண்ணும் நேரமாவது பார்த்திருப்பார். நான் தொண்டையைச் செருமினேன். செருமியதோடு சரி.

மத்தியானமே மேடத்தை ஆபீசில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிக்கேல் அண்ணன் பேனல் முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதிய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். அதில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்தது, அவ்வளவுதான். சரிபார்த்தவர் யார் என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் கிடையாது.

பிற்பாடு அவர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்ததாகக் கேள்வி. குழந்தை பிறந்ததா என்பது எனக்குத் தெரியாது. மிக்கேல் அண்ணனுக்குத் தெரியும், அவர்கள் போக்குவரத்து வைத்திருக்கிறார்கள். அவரிடம் விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை.

வேலை போன அன்று நான்கு மணிக்கு மேடம் கேட்டுக்கு வெளியே ராமேஸ்வரம் பஸ்ஸுக்காக நின்றார். ஷூவைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டுச் செருப்போடு இருந்தார். காற்று மணலை வாரி அடித்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருந்தவரை வராத வார்த்தை கேட்டைத் தாண்டியதும் வந்தது.

"மேடம், அந்த ஷீட்டுல நானும் கையெழுத்துப் போட்ருந்தேன்."

"தெரியும் சார்," என்றார். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு நின்னேன்."

பஸ் வந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். நான் ஷிப்டுக்குத் திரும்பினேன்.